'சைக்கடெலிக் ஃபோக்-பாப்' கச்சேரி என்றால் என்ன? போஸ்டரில் யார் பெயர் பெரிசு? விருதுநகர்க்காரர்களுக்கு ஒரு முழு விளக்கம்

இன்ஸ்டாகிராமைத் திறந்தால் ஒரு கச்சேரி போஸ்டர். வளைந்து நெளியும் எழுத்து, கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சும் ஊதாவும். மேலே பெரிய எழுத்தில் ஒரு பேண்ட் பெயர். அதற்குக் கீழே 'சைக்கடெலிக் ஃபோக்-பாப்' என்று ஒரு வரி. இன்னும் கீழே, செல்போனில் பெரிசாக்கிப் பார்த்தால்தான் தெரியும் அளவில், 'சப்போர்ட்டிங் ஆக்ட்ஸ்' என்று இரண்டு மூன்று பெயர்கள். சில போஸ்டர்களில் அதுவும் இருக்காது. 'பறை இசைக் குழு', 'கரகாட்டக் குழு' என்று பொதுவாகப் போட்டு முடித்திருப்பார்கள்.

இந்த மாதிரி நிகழ்ச்சிகள் பெரும்பாலும் சென்னை, பெங்களூரு மாதிரி பெருநகரங்களில்தான் நடக்கின்றன. ஆனா, அந்த மேடைகளில் ஒலிக்கும் உறுமியும் தவிலும் பறையும் விருதுநகர், சாத்தூர், சிவகாசி பக்கத்து ஊர்த் திருவிழாக்களில் பிறந்ததில் இருந்து கேட்டு வளர்ந்த சத்தம்தான். அப்போ இதில் புதுசு என்ன? இண்டி என்றால் யார்? சப்போர்ட்டிங் ஆக்ட் என்றால் என்ன? நம்ம ஊர் நாட்டுப்புறக் கலைஞருக்கு இந்த மேடையில் என்ன இடம்? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

சைக்கடெலிக் என்றால் என்ன?

இந்தச் சொல்லை 1956-ல் உருவாக்கியவர் ஹம்ஃப்ரி ஆஸ்மண்ட் என்ற பிரிட்டிஷ் மனநல மருத்துவர். கிரேக்க மொழியில் மனம், வெளிப்படுதல் என்ற இரண்டு சொற்களைச் சேர்த்துச் செய்தது. மனதைத் திறந்து காட்டுவது என்று பொருள் சொல்லலாம். எல்எஸ்டி போன்ற மருந்துகள் மனதில் என்ன செய்கின்றன என்ற ஆராய்ச்சியில் பிறந்த சொல் இது.

1960-களின் நடுவில் அமெரிக்காவின் சான்ஃபிரான்சிஸ்கோ, இங்கிலாந்தின் லண்டன் நகரங்களில் இருந்த இசைக்குழுக்கள் இந்தச் சொல்லை எடுத்துக்கொண்டன. கேட்பவரை வேறொரு நினைவு நிலைக்குக் கொண்டுபோகும் இசை என்ற அர்த்தத்தில் அது ஓர் இசை வகையின் பெயராகிவிட்டது. 1966-ல் வந்த பீட்டில்ஸ் குழுவின் 'ரிவால்வர்' ஆல்பத்தின் கடைசிப் பாட்டு இதற்கு அடிக்கடி சொல்லப்படும் உதாரணம். தம்புரா போல ஒரே சுருதி நிற்க, அதன் மேல் நாடாவில் பதிவு செய்த சத்தங்களைச் சுற்றிச் சுற்றி ஓடவிட்டார்கள். அந்தக் குழுவின் ஜார்ஜ் ஹாரிசன், பண்டிட் ரவிசங்கரிடம் சிதார் கற்றார். 1967-ல் கலிஃபோர்னியாவின் மான்டெரே விழாவில் ரவிசங்கர் வாசித்தது இந்த அலையின் முக்கியமான நிகழ்வு. ஆக, சைக்கடெலிக் இசை தொடக்கத்திலேயே இந்தியாவிடம் கடன் வாங்கியதுதான்.

அப்போ இது போதை இசையா?

பெற்றோர் பலருக்கும் வரும் சந்தேகம் இது. சொல்லின் பிறப்பு அந்த ஆராய்ச்சியில்தான். ஆனா, இன்றைக்கு அது ஒரு பாணியின் பெயர் மட்டுமே. கச்சேரிக்கும் போதைப் பொருளுக்கும் கட்டாயமாக எந்தத் தொடர்பும் இல்லை. எல்எஸ்டி, கஞ்சா போன்றவற்றை வைத்திருப்பதும் பயன்படுத்துவதும் இந்தியாவில் குற்றம். எந்த இசையின் பெயரைச் சொன்னாலும் அதில் மாற்றம் இல்லை.

கேட்டவுடன் எப்படிக் கண்டுபிடிப்பது?

நான்கு அடையாளங்கள் உண்டு.

* நின்று ஒலிக்கும் ஒற்றைச் சுருதி. பாட்டு முழுக்க அடியில் ஓடிக்கொண்டே இருக்கும்.
* திரும்பத் திரும்ப வரும் தாளம். மூன்று நிமிடத்தில் முடியாது. பத்து நிமிடம்கூடப் போகும்.
* எதிரொலி. குரலும் கிட்டாரும் குகைக்குள் இருந்து வருவது போல நீளும்.
* சத்தத்தின் உருவத்தையே மாற்றும் கருவிகள். கிட்டார்க்காரர் காலடியில் வரிசையாக இருக்கும் பெடல்கள் இந்த வேலையைத்தான் செய்கின்றன.

இதைப் படிக்கும்போது விருதுநகர்க்காரருக்கு ஒரு விஷயம் ஞாபகம் வரணும். உறுமி. இரண்டு முகம் கொண்ட அந்த மேளத்தில், ஒரு முகத்தில் குச்சியால் அடிப்பார்கள். இன்னொரு முகத்தில் வளைந்த குச்சியால் அழுத்தித் தேய்ப்பார்கள். தேய்க்கும்போது வரும் அந்த அனத்தல் சத்தம், கீழிருந்து மேலே வழுக்கிக்கொண்டு போகும். நாகஸ்வரத்துக்குப் பக்கத்தில் ஒத்து ஊதுபவர் ஒரே சுருதியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். பம்பையும் தவிலும் ஒரே நடையைச் சுற்றிச் சுற்றி வேகமாக்கும். அந்த வேகத்தில் கூட்டத்தில் யாருக்காவது சாமி வரும்.

சாமி வருவது நம்பிக்கை சார்ந்த விஷயம். அதைக் கச்சேரியோடு சமமாக வைக்க முடியாது. ஆனா, நின்ற சுருதி, சுழலும் தாளம், ஏறும் வேகம் மூன்றும் சேர்ந்து கேட்பவரின் நிலையை மாற்றும் என்ற நுட்பம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். லண்டன் குழுக்கள் அதற்குக் கருவி தேடி அலைந்தன. நம்ம ஊரில் அது தலைமுறை தலைமுறையாகக் கையில் இருந்தது.

ஃபோக்-பாப் என்று ஏன் சேர்க்கிறார்கள்?

ஃபோக் என்றால் நாட்டுப்புற இசை. பாப் என்றால் எளிதில் மனதில் நிற்கும் மெட்டும் திரும்ப வரும் பல்லவியும் கொண்ட பாட்டு. சொந்த மண்ணின் நாட்டுப்புற மெட்டை எடுத்து, சைக்கடெலிக் சத்தத்தில் போர்த்தி, பாப் பாட்டின் வடிவத்தில் கொடுத்தால் அதுதான் சைக்கடெலிக் ஃபோக்-பாப்.

உலகம் முழுக்க இது நடந்திருக்கிறது. ஸ்காட்லாந்தில் 1966-ல் தொடங்கிய 'இன்க்ரெடிபிள் ஸ்ட்ரிங் பேண்ட்' இதன் முன்னோடிகளில் ஒன்று. துருக்கியில் பாரிஷ் மான்சோ, எர்கின் கோராய், செல்டா பாஜான் ஆகியோர் அனடோலியக் கிராமப் பாட்டுகளை எலெக்ட்ரிக் கிட்டாரில் ஏற்றினார்கள். அந்தப் பாட்டுகளை இன்றைய தலைமுறைக்குக் கொண்டுபோனது, 2016-ல் ஆம்ஸ்டர்டாமில் உருவான 'அல்டின் குன்' குழு. இந்தியாவில், 1970-களின் நடுவில் கொல்கத்தாவில் தொடங்கிய 'மொஹினேர் கொராகுலி' குழு, வங்காளத்தின் பவுல் பாடல் மரபையும் ராக் இசையையும் கலந்தது. அவர்கள் இருந்த காலத்தில் பெரிய கூட்டம் இல்லை. பிறகுதான் கொண்டாடப்பட்டார்கள்.

தமிழில் நாட்டுப்புற மெட்டு வெகுஜன இசைக்கு வந்தது முக்கியமாக சினிமா வழியாக. 1976-ல் இளையராஜாவின் 'அன்னக்கிளி' அதற்குப் பெரிய கதவைத் திறந்தது. சினிமாவுக்கு வெளியே தனியாக ஒரு மேடை உருவாக இன்னும் நாளானது.

இண்டி என்றால் யார்?

இண்டிபெண்டன்ட் என்பதன் சுருக்கம்தான் இண்டி. சினிமா கம்பெனிக்காகவோ பெரிய ரெக்கார்டு நிறுவனத்துக்காகவோ இல்லாமல், சொந்தமாகப் பாட்டு எழுதி, மெட்டுப்போட்டு, பதிவு செய்து, மேடை ஏறுபவர்கள். இவர்களுக்கு வருமானம் பாட்டு விற்பதில் குறைவு. மேடை நிகழ்ச்சியில்தான் அதிகம்.

கேட்க நவீனமாக இருக்கும். ஆனா தென்மாவட்டங்களுக்கு இந்த ஏற்பாடு புதுசே இல்லை. ஸ்பெஷல் நாடகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே நாடகக் கம்பெனி என்று ஒன்று இருக்காது. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், டான்ஸ், ஆர்மோனியம், மிருதங்கம் என்று ஒவ்வொரு கலைஞரையும் தனித்தனியாகப் பேசி அழைப்பார்கள். பல நேரம் அன்று ராத்திரி மேடையில்தான் அவர்கள் ஒன்றுசேர்வார்கள். சங்கரதாஸ் சுவாமிகள் வகுத்துக் கொடுத்த நாடகங்கள் எல்லோருக்கும் மனப்பாடம் என்பதால் ஒத்திகையே இல்லாமல் விடியும்வரை நடத்திவிடுவார்கள். இன்றைய மொழியில் சொன்னால், இவர்கள் அத்தனை பேரும் இண்டி கலைஞர்கள்தான்.

சப்போர்ட்டிங் ஆக்ட் என்றால் என்ன?

கச்சேரியின் முதன்மைக் குழுவை ஹெட்லைனர் என்பார்கள். அவர்களுக்கு முன்னால் மேடை ஏறும் சிறிய குழுக்கள்தான் சப்போர்ட்டிங் ஆக்ட். இவர்களுக்கு மூன்று வேலை. கூட்டம் சேரும்வரை மேடையை உயிரோடு வைத்திருப்பது. கேட்பவர்களைத் தயார் செய்வது. தங்களை யாரென்றே தெரியாதவர்களுக்குத் தங்களை அறிமுகப்படுத்திக்கொள்வது.

நடைமுறையில் பார்த்தால் வித்தியாசம் நிறைய. ஹெட்லைனருக்கு மேடை நேரம் ஒரு மணி நேரத்துக்கு மேல். சப்போர்ட்டுக்கு இருபது, முப்பது நிமிடம். மைக் சோதனையை முதலில் செய்வது ஹெட்லைனர். அவர்கள் முடித்தபின் மிச்ச நேரம் சப்போர்ட்டுக்கு. ஒலி அமைப்பு முழுக்க ஹெட்லைனரின் அளவுக்குச் சரிசெய்யப்பட்டிருக்கும். கிட்டாருக்கும் கீபோர்டுக்கும் நேரடியாக ஒயர் இழுத்துவிடலாம். ஆனா தவில், பறை, உறுமி மாதிரி திறந்த மேளங்களுக்கு மைக் வைப்பது தனி வேலை. அதற்கு நேரம் கொடுக்காவிட்டால் மேளச் சத்தம் ஒன்று அமுங்கிப்போகும், இல்லை இரைச்சலாகிப்போகும். பார்ப்பவர்கள் 'கலைஞர்கள் சரியாக வாசிக்கவில்லை' என்று நினைத்துவிடுவார்கள்.

இந்த முன்-பின் வரிசையும் நமக்குத் தெரிந்ததுதான். ஸ்பெஷல் நாடகத்தில் முதலில் வருவது பபூன். சிரிக்க வைத்துக் கூட்டத்தை உட்கார வைப்பது அவர் பொறுப்பு. பிறகுதான் டான்ஸ், பிறகுதான் ராஜபார்ட். கரகாட்டத்தில் நையாண்டி மேளம் முதலில் தனியாக வாசித்துக் கூட்டம் சேர்க்கும். இரண்டு நாகஸ்வரம், இரண்டு தவில், பம்பை, தமுக்கு, தாளம் என்று ஒரு முழு இசைக்குழு அது.

ஆனா ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. ஸ்பெஷல் நாடக நோட்டீஸை எடுத்துப் பாருங்கள். பபூனில் இருந்து மிருதங்கம் வரை ஒவ்வொருவர் பெயரும், ஊரும், பல நேரம் படமும் இருக்கும். மேடையில் ஏறுபவர் யாராக இருந்தாலும் பெயர் உண்டு. நகரத்து இண்டி போஸ்டர் எல்லா நேரமும் இந்த மரியாதையைக் கொடுப்பதில்லை.

இதில் சிவகாசிக்கு என்ன தொடர்பு?

இரண்டு தொடர்புகள். முதலாவது, அச்சு. 1920-களில் தீப்பெட்டித் தொழில் சிவகாசியில் வேரூன்றியது. தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும் என்ற தேவையில் இருந்து அச்சுத் தொழில் வளர்ந்தது. காலண்டர், பட்டாசு லேபிள், சினிமா போஸ்டர் என்று அது விரிந்தது. யார் பெயரை எவ்வளவு பெரிசாகப் போடுவது என்ற கேள்வி இந்த ஊர் அச்சகங்களுக்குப் புதுசு அல்ல.

இரண்டாவது, ஒரு மனிதர். தியாகி விஸ்வநாததாஸ். 1886-ல் சிவகாசியில் பிறந்தவர். நாடக மேடையில் வேடம் கட்டிப் பாடியவர். புராண நாடகத்தின் நடுவில் வெள்ளையர் ஆட்சியை எதிர்த்துப் பாட்டைச் செருகுவது அவர் பாணி. அதற்காகப் பலமுறை சிறை சென்றார். அவருக்குப் பாட்டு எழுதித் தந்தவர்களில் முக்கியமானவர் மதுரகவி பாஸ்கரதாஸ்.

விஸ்வநாததாஸ் மருத்துவர் சமூகத்தில் பிறந்தவர். அதைக் காரணம் காட்டி அவரோடு சேர்ந்து நடிக்க மறுத்த நடிகைகளும் உண்டு. திறமை இருந்தும் மேடையில் யாரோடு நிற்கலாம் என்பதைச் சாதி தீர்மானித்த காலம் அது. 1940 டிசம்பர் 31-ம் தேதி, சென்னையில் 'வள்ளி திருமணம்' நாடகத்தில் முருகன் வேடத்தில் மயில் மேல் அமர்ந்து பாடிக்கொண்டிருந்தபோது அந்த மேடையிலேயே அவர் உயிர் பிரிந்தது.

எந்த முதலாளிக்கும் கட்டுப்படாமல் தன் பாட்டைத் தானே தீர்மானித்த கலைஞர் என்ற அர்த்தத்தில், இண்டி என்ற சொல் வருவதற்கு முன்பே சிவகாசியில் பிறந்த இண்டி கலைஞர் அவர்.

தமிழில் இந்த வகைக் கச்சேரிகள் எங்கே நடந்தன?

* சுசீலா ராமன்: லண்டனில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்து, ஆஸ்திரேலியாவில் வளர்ந்தவர். 2001-ல் வந்த இவரது முதல் ஆல்பம் 'சால்ட் ரெயின்' பிரிட்டனின் மெர்குரி பரிசுக்கான இறுதிப் பட்டியலில் இடம்பெற்றது. தமிழ்நாட்டின் பக்திப் பாடகி கோவை கமலாவிடம் முருகன் பாட்டுகளைக் கற்றுக்கொண்டு, 2011-ல் 'வேல்' என்ற ஆல்பம் வெளியிட்டார். கோயில் திருவிழாவின் ஆவேசமும் ராக் கிட்டாரும் கலந்த இசை. சைக்கடெலிக் ஃபோக் என்ற பெயருக்குத் தமிழில் மிக நெருக்கமாக வருவது இதுதான்.

* லா பொங்கல்: தர்புகா சிவா, பிரதீப் குமார், அந்தோணி தாசன் ஆகியோர் சேர்ந்து பாடிய குழு. இதில் அந்தோணி தாசனின் பயணம் கவனிக்க வேண்டியது. தஞ்சாவூர்ப் பக்கத்தைச் சேர்ந்த அவர், கரகாட்டக் குழுக்களோடு ஊர் ஊராகப் போய் ஆடிப் பாடியவர். அங்கிருந்து இண்டி மேடை, பிறகு சினிமா. நாட்டுப்புறக் கலைஞர் ஒருவர் 'துணைக்கு' வந்தவராக இல்லாமல், மேடையின் நடுவில் நின்ற உதாரணம்.

* குரங்கன்: கபேர் வாசுகியும் டென்மாவும் சேர்ந்து நடத்திய சென்னைக் குழு. சினிமாவுக்கு வெளியே தமிழில் சொந்தப் பாட்டு எழுதிப் பாடலாம் என்ற நம்பிக்கையைப் பலருக்குக் கொடுத்தது.

* தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்: இயக்குநர் பா.ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும், டென்மாவின் மெட்ராஸ் ரெக்கார்ட்ஸும் சேர்ந்து உருவாக்கியது. 19 பேர் கொண்ட குழுவாக, 2018 ஜனவரி 6-ம் தேதி சென்னை கீழ்ப்பாக்கம் சிஎஸ்ஐ பெயின் பள்ளி மைதானத்தில் முதல் கச்சேரி நடந்தது. கானா, ராப், ராக் மூன்றும் கலந்த இசை. பறை, தவில், சட்டி, கிட்டார், டிரம்ஸ் எல்லாம் ஒரே மேடையில். அயோத்திதாசப் பண்டிதர் பயன்படுத்திய 'சாதிபேதமற்ற' என்ற சொல்லில் இருந்து குழுவின் பெயர் வந்தது.

அந்தக் கச்சேரியில் கவனிக்க வேண்டியது வரிசைதான். சாவு வீட்டுப் பாட்டு என்று ஒதுக்கப்பட்ட கானா அங்கே இடைவேளைக்கு வந்த சப்போர்ட் இல்லை. அதுதான் ஹெட்லைனர். குழுவில் எல்லோரும் ஒரே மாதிரி கோட் சூட் போட்டு நின்றார்கள். கிட்டார்க்காரருக்கு ஒரு உடுப்பு, பறைக்காரருக்கு வேறு உடுப்பு என்ற பிரிவு அங்கே இல்லை. குழுவின் கானா பாடகி இசைவாணி, 2020-ல் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார்.

* மார்கழியில் மக்களிசை: நீலம் பண்பாட்டு மையம் 2020 டிசம்பரில் தொடங்கியது. மார்கழி என்றாலே சென்னை சபாக்களில் கர்நாடக இசை என்ற வழக்கத்துக்கு நடுவில், பறை, கானா, ஒப்பாரி, நாட்டுப்புறப் பாட்டுகளுக்கான மேடை. 2021-ல் மதுரை, கோவையிலும் நடந்தது. மதுரை என்றால் விருதுநகரில் இருந்து சுமார் 50 கிலோமீட்டர்தான். மார்கழி மாதத்தைப் பாட்டோடு பிணைத்த ஆண்டாள் விருதுநகர் மாவட்டத்து ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர் என்பதையும் இங்கே சேர்த்து நினைத்துக்கொள்ளலாம்.

பெயர் விடுபட்டால் என்ன ஆகும்?

இதைப் புரிந்துகொள்ள 'என்ஜாய் எஞ்சாமி' ஒன்றே போதும். 2021 மார்ச்சில் வெளியான இந்தத் தனிப்பாடலைப் பாடியவர்கள் தீயும் அறிவும். இசைத் தயாரிப்பு சந்தோஷ் நாராயணன். நிலமற்ற உழைப்பாளிகளின் வரலாறும் ஒப்பாரியின் சாயலும் கலந்த பாட்டு, உலகம் முழுக்கப் பரவியது.

அதே ஆண்டு ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் தீயும் ஷான் வின்சென்ட் டி பாலும் வந்தார்கள். அறிவு இல்லை. பாட்டை எழுதிப் பாடியவர் எங்கே என்று பா.ரஞ்சித் உள்ளிட்ட பலர் கேள்வி எழுப்பினார்கள். பிறகு அந்த இதழ் அறிவு படத்தோடு தனியாக ஒரு டிஜிட்டல் அட்டையை வெளியிட்டது. 2022 ஜூலை 28-ம் தேதி சென்னையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் இதே பாட்டை தீயும் கிடாக்குழி மாரியம்மாளும் பாடினார்கள். அறிவு மேடையில் இல்லை. அதன்பிறகு தன் பங்கு என்ன என்று அவர் சமூக வலைதளத்தில் எழுதினார். மற்ற இருவரும் தங்கள் தரப்பைச் சொன்னார்கள்.

யார் பக்கம் சரி என்பது வேறு விவாதம். இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுதான். உலகமே கேட்ட பாட்டில், நாடே அறிந்த கலைஞருக்கே பெயர் குறித்து இவ்வளவு சிக்கல் வருகிறது. அப்போ 'கரகாட்டக் குழு' என்று மட்டும் அச்சிடப்படும் கிராமத்துக் கலைஞர் யாரிடம் போய்க் கேட்பார்?

சட்டம் என்ன சொல்கிறது?

பலருக்கும் தெரியாத விஷயம், இதற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. 2012-ல் திருத்தப்பட்ட காப்புரிமைச் சட்டத்தின் 38-பி பிரிவு, மேடையில் நிகழ்த்தும் கலைஞருக்கு 'இதை நிகழ்த்தியது நான்' என்று அடையாளம் கோரும் உரிமையைத் தருகிறது. பாடகர், வாத்தியக்காரர், ஆடுபவர் எல்லோருக்கும் இது பொருந்தும். நிகழ்ச்சியைப் பதிவு செய்து வணிக ரீதியாகப் பயன்படுத்தினால் ராயல்டி கேட்கவும் அதே சட்டம் வழி செய்கிறது.

பாட்டின் உரிமை இன்னொரு சிக்கல். ஆசிரியர் யாரென்று தெரியாத பழைய நாட்டுப்புறப் பாட்டுக்குக் காப்புரிமை யாருக்கும் கிடையாது. யாரும் பாடலாம். ஆனா, அதன்மேல் ஒருவர் சொந்தமாக எழுதிச் சேர்த்த வரியும் மெட்டும் அவருக்குச் சொந்தம். பாட்டி பாடியதைப் பேரன் பதிவு செய்து, அதை ஒரு பேண்ட் எடுத்துப் பயன்படுத்தினால், எது பழசு, எது புதுசு என்று எழுத்தில் பேசிவைப்பது நல்லது.

வரியிலும் ஒரு சலுகை உண்டு. நாட்டுப்புற, செவ்வியல் கலைஞர் ஒரு நிகழ்ச்சிக்கு வாங்கும் சம்பளம் 1.5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் அதற்கு ஜிஎஸ்டி கிடையாது. இசை நிகழ்ச்சி டிக்கெட் ஒரு நபருக்கு 500 ரூபாய்க்குள் இருந்தாலும் ஜிஎஸ்டி விலக்கு உண்டு. தமிழ்நாட்டில் நாட்டுப்புறக் கலைஞர்களுக்கு 2007-ல் தனி நல வாரியம் அமைக்கப்பட்டது. அதில் பதிவு செய்திருந்தால் கலைஞர் என்பதற்கு அரசு அடையாளம் கையில் இருக்கும்.

விருதுநகர் மாவட்டத்தில் நடத்தணும்னா?

முதலில் நேரம். ஒலி மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் 2000-ன்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. பண்பாட்டு, மத விழாக்களுக்கு மாநில அரசு நள்ளிரவு 12 மணி வரை தளர்வு தரலாம். அதுவும் ஆண்டுக்கு 15 நாட்களுக்கு மேல் முடியாது. மூடிய அரங்கத்துக்கு இந்த நேரக் கட்டுப்பாட்டில் விலக்கு உண்டு. ஒலிபெருக்கிக்கு எழுத்துப்பூர்வ அனுமதி கட்டாயம்.

கிராமத் திருவிழாவில் ஆடல் பாடல் நிகழ்ச்சிக்குப் போலீஸ் அனுமதி கிடைக்காமல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போவது தென்மாவட்டங்களில் வழக்கமான செய்தி. அதனால் கடைசி வாரத்தில் ஓடாமல் முன்கூட்டியே விண்ணப்பிப்பது நல்லது.

அடுத்து, நாள். பங்குனியில் விருதுநகர் மாரியம்மன் பொங்கல், சித்திரையில் சிவகாசி பத்ரகாளியம்மன் பொங்கல், ஆடியில் இருக்கன்குடி என்று மாவட்டத்தின் விழாக் காலண்டர் நீளமானது. மேளக் கலைஞர்களுக்கு ஆண்டின் பெரும்பகுதி வருமானம் இந்த மாதங்களில்தான். அந்த நாளில் கச்சேரி வைத்தால் நல்ல கலைஞர் கிடைக்க மாட்டார். தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் பட்டாசு ஆலைகளில் வேலை நெருக்கடி. அப்போது வைத்தால் பார்க்க ஆள் வர மாட்டார்கள்.

இடம் இன்னொரு விஷயம். பட்டாசு, தீப்பெட்டி ஆலை, கிடங்குக்குப் பக்கத்தில் மேடை போடும் யோசனையே வேண்டாம். கச்சேரி மேடையில் தீப்பொறி விடும் கருவி, புகை, வாணவேடிக்கை எல்லாம் சாதாரணம். பெருநகரத்தில் அது அலங்காரம். இந்த மாவட்டத்தில் அது உயிர் விஷயம்.

டிக்கெட் வாங்கும் முன், நோட்டீஸ் அடிக்கும் முன்

கேட்க வேண்டிய கேள்விகள் ஐந்து.

1. போஸ்டரில் நாட்டுப்புறக் கலைஞர்களின் பெயரும் ஊரும் இருக்கிறதா, குழு என்று மட்டும் போட்டிருக்கிறார்களா?
2. அவர்களுக்கு மைக் சோதனைக்கு நேரம் ஒதுக்கியிருக்கிறார்களா?
3. சம்பளம் எவ்வளவு, எப்போது என்பது எழுத்தில் இருக்கிறதா? பயணமும் சாப்பாடும் அதில் சேர்த்தியா, தனியா?
4. வீடியோ எடுத்து யூடியூப்பில் போட்டால் அதில் யார் பெயர் வரும், வருமானத்தில் யாருக்குப் பங்கு?
5. மேடையில் அவர்கள் தனியாக நிகழ்த்துகிறார்களா, இல்லை பேண்ட் வாசிக்கும்போது பின்னால் நிற்க மட்டும் வருகிறார்களா?

ஐந்துக்கும் திருப்தியான பதில் இருந்தால், அந்தக் கச்சேரி எந்தப் பெயரில் நடந்தாலும் போய்க் கேட்கலாம். பதில் இல்லையென்றால் ஏற்பாட்டாளரிடம் தாராளமாகக் கேளுங்கள். ஸ்பெஷல் நாடக நோட்டீஸில் மிருதங்கக்காரர் பெயர் வரை போட்டுப் பழகிய ஊர்கள் இவை. இண்டி போஸ்டரிடமும் அதையே எதிர்பார்ப்பதில் தப்பு எதுவும் இல்லை.